லேப்ல ஓடுச்சு சார்!

ரோபோ போட்டி அமெரிக்காவில் பிறந்தது என்று அமெரிக்கர்கள் சொல்வார்கள். ஜப்பானில் பிறந்தது என்று ஜப்பானியர்கள் சொல்வார்கள். இரு தரப்பும் மலேசியாவின் பேரா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் பாரிட் புந்தாருக்கு வந்து விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஒரு ரோபோ போட்டிக்கு என்னென்ன வேண்டும்? கோடு கிழித்த களம், நேரக் கெடு, விதிப்புத்தகம், விசில் ஊதும் நடுவர், சொன்னதைத் தவிர வேறெதுவும் செய்யக்கூடாத உருப்படிகள். இத்தனையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எங்கள் கிரியான் மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களில் தயாராக இருந்தன. களம், வாய்க்கால் வெட்டி வடித்தெடுத்த சதுப்பு நிலம். நேரக் கெடு, ஒப்பந்தக் காலம். விதிப்புத்தகம் துரையின் கால்சட்டைப் பையில். நடுவர் கங்காணி. உருப்படிகள், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும்.

1920-ல் காரல் சாப்பெக் என்ற செக் எழுத்தாளர் ஒரு நாடகம் எழுதினார். வேலை செய்வதற்கென்றே செயற்கை மனிதர்களைச் செய்து குவித்து, ஊர் ஊராக விற்கும் ஒரு கம்பெனியின் கதை. ரோபோ என்ற பெயரே அந்த நாடகத்தில்தான் உலகத்துக்குக் கிடைத்தது. பிராக் நகரத்து ரசிகர்கள் வாய் பிளந்தார்கள். நம் கிரியான் துரைமார் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தால் கொட்டாவி விட்டிருப்பார்கள். “இதிலென்ன புதுமை? ஒப்பந்தக் கூலிமுறையை 1910-ல் நிறுத்தும்வரை நாங்கள் இதை இறக்குமதியே செய்துகொண்டிருந்தோமே!” நாடகத்தின் பிற்பகுதியில் ரோபோக்கள் கலகம் செய்து முதலாளிகளைத் தீர்த்துக்கட்டும் இடம் வந்திருந்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கிரியானே ஒரு காலத்தில் போட்டிப் பொருளாக இருந்த மண். கெடா சுல்தான் என்னுடையது என்றார், பேரா சுல்தான் என்னுடையது என்றார். நடுவில் விசிலோடு புகுந்த ஆங்கிலேயர் 1848-ல் பேரா பக்கம் கையைத் தூக்கினார்கள். பிறகு தண்ணீர்ப் பிரச்சினை. புக்கிட் மேராவில் அணை கட்டி, கிரியான் முழுக்க வாய்க்கால் வெட்டும் வேலை 1899-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. ஆறேழு வருடம் அரசாங்கம் வியர்வை சிந்தித் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தபோது, துரைமார் மனம் கரும்பை விட்டுக் கித்தா எனும் ரப்பர் மரத்துக்குத் தாவியிருந்தது. நெல் விவசாயிகள் மட்டும் நன்றியோடு நனைந்தார்கள். ஒரு வருடம் ரோபோ செய்துவிட்டுப் போட்டி மேடைக்குப் போனால் விதியை மாற்றிவிட்டோம் என்பார்களே, அந்த அனுபவமும் எங்கள் ஊருக்கு முதலிலேயே உண்டு.

சரி, வரலாற்றைக் கொஞ்சம் வெளிநாட்டாருக்கும் விட்டுக்கொடுப்போம்.

1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வூடி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர், மாணவர்களிடம் ஒரு பை நிறைய உதிரிச் சாமான்களைக் கொடுத்து, இதை வைத்து ஏதாவது ஓடுகிற சாதனம் செய்து ஒருவனோடு ஒருவன் மோதுங்கள் என்றார். நம் வீட்டு ஸ்டோர் ரூமில் அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்வதுதான். அங்கே அதற்குப் பாட எண்ணும் மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டார்கள். 1981-ல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் மசாஹிரோ மோரி என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். இரண்டே இரண்டு டார்ச்லைட் பேட்டரி கொடுப்பேன், அந்தச் சக்தியில் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டி செய்யுங்கள் என்றார். மனிதனைப் பெரும்பாலும் ஒத்து, கொஞ்சம் மட்டும் ஒவ்வாமல் இருக்கும் பொம்மையைப் பார்த்தால் நமக்கு ஏன் முதுகு சில்லிடுகிறது என்று 1970-லேயே கட்டுரை எழுதிப் பேர் வாங்கிய அதே மோரிதான். புத்தருக்கும் ரோபோவுக்கும் என்ன உறவு என்று ஒரு புத்தகமும் எழுதியவர். இப்படிப்பட்டவரிடம் பாடம் படித்தவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இதைத் தொலைக்காட்சிக்காரர்கள் மோப்பம் பிடித்தார்கள். ஜப்பானின் என்.எச்.கே. 1988-ல் இதை நிகழ்ச்சியாக்கியது. 2002-ல் ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் நாடு நாடாகக் கல்லூரி மாணவர்களை இழுத்து வந்து ‘ரோபோகான்’ நடத்தத் தொடங்கியது. கவனியுங்கள்: நடத்துவது விஞ்ஞானிகளின் சங்கமல்ல, டி.வி.க்காரர்களின் சங்கம். மாணவர்களின் பாதிக் கண்ணீருக்குக் காரணம் இதுதான். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

விதி எளிது. சிவப்பு அணி, நீல அணி. மூன்று நிமிடம். ஒரு வருட உழைப்பு, மூன்று நிமிட ஆட்டம். போட்டியை நடத்தும் நாடு தன் பாட்டி சொன்ன கதை ஒன்றை எடுத்து விதிப்புத்தகமாக்கும். வருபவன் எவனோ, அவன் அந்தப் பாட்டிக்குப் பேரனாக நடிக்க வேண்டும். டோக்கியோவில் 2002-ல் ஃபூஜி மலை உச்சியைத் தொடச் சொன்னார்கள். வியட்நாம் தொட்டது. சோலில் 2004-ல் பிரிந்த காதலர்களைச் சேர்த்துவைக்கச் சொன்னார்கள். வியட்நாம் சேர்த்துவைத்தது. கெய்ரோவில் 2010-ல் பிரமிடு கட்டச் சொன்னார்கள். சீனா கட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. ஊர்க்காரன் விருந்து வைப்பான், கோப்பையை வெளியூர்க்காரன் கொண்டுபோவான் என்பது பெரும்பாலும் செல்லும் எழுதாத விதி.

2008-ல் புனேவுக்கு முறை வந்தது. இந்தியர்கள் கண்ணனை இறக்கினார்கள். உறியில் தொங்கும் பானைகளிலிருந்து ரோபோ வெண்ணெய் எடுக்க வேண்டும். மூன்று வெண்ணெய்க் கட்டியையும் முதலில் கைப்பற்றினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அந்த உடனடி வெற்றிக்கு விதிப்புத்தகம் சூட்டிய பெயர் ‘கோவிந்தா’. மராட்டியக்காரர் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார். தமிழ்ப் பிள்ளைகள் அடிமடியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம்மிடம் ஒருவன் மேடையேறி “கோவிந்தா!” என்று கத்தினால் பி.டி.பி.டி.என். கல்விக் கடன், ஸ்பான்சர் காசு, ஒரு செமஸ்டர் எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது என்றல்லவா அர்த்தம்? கடைசியில் சீனாவின் சியான் ஜியாவோதோங் பல்கலைக்கழகம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதால், போட்டியை நடத்தியவர்களுக்கு அந்தச் சொல் தமிழ் அர்த்தத்திலேயே பலித்தது.

2014-ல் மறுபடியும் புனே. இந்த முறை பெற்றோர் பாசம். ஒரு பெற்றோர் ரோபோ, ஒரு குழந்தை ரோபோ. பெற்றோர் ரோபோ குழந்தையைத் தூக்கிப்போய்ச் சீசாவில் ஏற்றி, ஊஞ்சலில் ஆட்டி, கம்பத்தின் மேல் நடக்கவிட்டு, ஜங்கிள் ஜிம்மில் ஏற்ற வேண்டும். முடித்தால் ‘ஷாபாஷ்’. உலகப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்ட இந்த வேலைக்கு நம் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியற்காலையில் தாய்மார் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஓடுமுன் பிள்ளைகளை அங்கே இறக்கிவிடுவார்கள். வரிசையாகத் துணித் தொட்டில்கள், ஒரே ஓர் ஆயா, ரிமோட் கிடையாது.

அடுத்த வருடம் யோக்யாகார்த்தாவில் பூப்பந்து. ரோபோ மட்டை பிடித்து ஆட வேண்டும். மலேசியாவில் இதைக் கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்தோம். எங்கள் கிரியான்காரனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நெஞ்சு விரிந்தது. ஏனென்றால் லீ சோங் வெய் பிறந்தது பக்கத்தில் பாகான் செராயில். மண்ணிலேயே பூப்பந்து இருக்கிறது, ரோபோவுக்கு மட்டும் வராதா என்றோம். வரவில்லை. வியட்நாமுக்கு வந்தது. 2018-க்குள் வியட்நாம் மொத்தம் ஏழு கோப்பைகளை அள்ளியிருந்தது. அந்த நாட்டுப் பாட்டிகளுக்கு மற்ற நாட்டுப் பாட்டிகளின் கதையெல்லாம் எப்படித் தெரிந்தது என்று யாராவது ஆராய வேண்டும்.

இதற்கிடையே எங்கள் ஊருக்கு ஒரு பல்கலைக்கழக வளாகம் ஏறக்குறைய கிடைத்தது. ஏறக்குறைய என்பதைக் கவனிக்கவும். யு.எஸ்.எம். எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பினாங்கில் பிறந்தது. அதன் பொறியியல் பிரிவு 1980களில் பேராவுக்குக் குடிவந்தது. ஈப்போ, பிறகு திரோனோ என்று ஈயம் தோண்டிய பள்ளங்களுக்கு நடுவே பிள்ளைகள் பொறியியல் படித்தார்கள். 1997-ல் அந்தத் திரோனோ வளாகத்தில் பெட்ரோனாஸ் தன் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. யு.எஸ்.எம். பெட்டி கட்டியது. 2001-ல் வடக்கே வந்தது, வந்தது, பாரிட் புந்தார் வரை வந்தது, மாநில எல்லையையும் தாண்டி நிபோங் திபால் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. பேராவின் கடைசிக் கோட்டைத் தாண்டிச் சில நிமிடத் தூரத்தில் பினாங்கு மாநிலத்தில் வளாகம். படிப்பு, பட்டம், பெருமை எல்லாம் பினாங்குக்கு. ரொட்டி சானாய்க் கணக்கு மட்டும் பாரிட் புந்தாருக்கு.

அந்தக் கணக்கைக் குறைவாக நினைக்க வேண்டாம். யு.எஸ்.எம். மாணவர்களும் ரோபோகான் களத்தில் இறங்குகிறவர்கள்தான். ஒரு ரோபோவின் வரலாறு லேபில் தொடங்குவதில்லை, நடுராத்திரிச் சாப்பாட்டுக் கடையில்தான் தொடங்குகிறது. மேசையில் ரொட்டித் தட்டு, குழம்புக் கறை படிந்த டிஷ்யூ, அதில் பேனாவால் ஒரு கை, ஒரு சக்கரம், ஓர் அம்புக்குறி. மெக்கானிக்கல் பையன் வரைவான். எலக்ட்ரிக்கல் பையன் முறைப்பான். புரோகிராம் எழுதுகிற பெண் மட்டும் பேசாமல் மீ கோரெங் சாப்பிடுவாள், கடைசியில் எல்லாப் பழியும் தன் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு சாமான் வேட்டை. மோட்டாருக்குக் கார் பொட்டோங் கடை: பழைய புரோட்டோன் சாகாவின் வைப்பர் மோட்டார், ஜன்னல் கண்ணாடி ஏற்றும் மோட்டார். காற்றழுத்தத்துக்கு 100 பிளஸ் போத்தல். வேடிக்கையில்லை, உண்மையாகவே பிளாஸ்டிக் குடிபானப் போத்தலில் ஆறு பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்து ரோபோவின் கையை இயக்குவார்கள். இதற்கு விதியே இடம் கொடுக்கிறது. சாதாரணக் கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம். அடைத்த போத்தல் கல்லாக இறுகியிருக்கும், விரலால் சுண்டினால் டிண் என்று கேட்கும். அதைக் கேபிள் டையால் முதுகில் கட்டிக்கொண்டு ரோபோ நிற்கும்போது பக்கத்தில் நிற்பவன் முகத்தில் ஒரு பக்தி தெரியும். அணியில் தமிழ்ப் பிள்ளை ஒருவன் இருந்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் உறுதி. பழம் நசுங்கிச் சாறு பட்ட சக்கரம் வழுக்கி, ரோபோ முதல் திருப்பத்திலேயே சுவரைப் பார்த்துப் போனால் அதற்கு இயற்பியலில்தான் விளக்கம் தேட வேண்டும். அம்மனைக் குறை சொல்லக் கூடாது.

இப்போது டி.வி.க்காரர் சங்கதிக்கு வருவோம். தானாக ஓடும் ரோபோவுக்குத் தரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். ரோபோவின் வயிற்றடியில் வரிசையாகச் சின்னச் சின்னச் சென்சர்கள். தரையில் ஒளியை அடித்து, திரும்பி வருவது எவ்வளவு என்று அளந்து, இங்கே கோடு, இங்கே கோடில்லை என்று கண்டுபிடித்து நடக்கும். லேபில், டியூப் லைட் வெளிச்சத்தில், இது ராஜநடை போடும். அரங்கத்தில் டி.வி. விளக்குகளைப் போட்டதும் தரை முழுக்கப் பளீர். ரோபோவுக்கு உலகமே கோடாகத் தெரியும். எந்தக் கோட்டைப் பிடிப்பது என்று புரியாமல் இடப்பக்கம் ஒரு ஆட்டம், வலப்பக்கம் ஒரு ஆட்டம், பிறகு நின்ற இடத்திலேயே ஒரு வட்டம். பார்வையாளர் வரிசையிலிருந்து யாராவது ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் அதுவும் போச்சு. வட்டம் முடிந்ததும் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் பயிற்சியாளரைப் பார்த்து ஒரே வசனம்தான் சொல்லும்.

“லேப்ல ஓடுச்சு சார்!”

“கோடிங் சரியாத்தான் இருக்கு லா. உன் வீல்தான் கோணல்.”

“வீல் கோணல் இல்ல. ஒயர் யார் புடுங்கினது?”

அதற்குள் மூன்று நிமிடம் முடிந்திருக்கும்.

ஆனால் இந்தப் போட்டியில் ஒரு தருமம் உண்டு. ரோபோ சுருண்டு விழுந்தால் கையைத் தூக்கி ‘ரீட்ரை’ கேட்கலாம். நடுவர் தலையாட்டுவார். ரோபோவைத் தூக்கி வந்து மறுபடி தொடக்க இடத்தில் வைத்து ஓடவிடலாம். திட்டு கிடையாது, சம்பளப் பிடித்தம் கிடையாது. பெரட்டுக் களத்தில் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவனுக்கு அன்றைய நாள் பேரே கிடையாது என்று வாழ்ந்த பரம்பரைக்கு இது கொஞ்சம் கண்ணைக் கரிக்கும் சலுகை. பால்மரம் சீவி ஓய்வு பெற்ற அங்கள் ஒருவர், பேரனோடு உட்கார்ந்து டி.வி.யில் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரு அடி நவுந்ததுக்குக் கை தட்டுறானுங்களே தம்பி. நான் ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் சீவினேன். எவன் தட்டினான்?” பேரன் அதற்கு, “தாத்தா, நீங்க ஆட்டோமேட்டிக் இல்ல, மேனுவல்” என்றான். அன்றைக்கு அவனுக்கு இரவுச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

மலேசியா இந்தப் போட்டியை நடத்தியது 2006-ல், கோலாலம்பூரில். என்ன கதை எடுப்பது என்று யோசித்தவர்கள் பாட்டியிடம் போகவில்லை, பெட்ரோனாஸ் கோபுரத்திடம் போனார்கள். 452 மீட்டர், உலகத்திலேயே உயரம் என்று 1998-லிருந்து மார்தட்டியிருந்தோம். 2004-ல் தைப்பே 101 வந்து அந்த மார்பில் ஒரு குத்து விட்டது. ஆனால் ரெட்டையாக நிற்பதில் நம்மை அடிக்க ஆளில்லை. ஆகவே போட்டியின் தலைப்பு: உலகின் மிக உயரமான இரட்டைக் கோபுரம் கட்டுவோம். ‘இரட்டை’ என்ற ஒரு சொல் ஒரு நாட்டின் மானத்தை இவ்வளவு நேர்த்தியாகக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. ரோபோக்கள் கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டின. யார் உயரமாகக் கட்டினார்கள் என்று கேட்காதீர்கள். ஹோ சி மின் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

பத்து வருடம் கழித்துத்தான் நமக்கு விடிந்தது. 2016 ஆகஸ்ட், பாங்காக். அதே ஆகஸ்டில் ரியோவில் லீ சோங் வெய் மூன்றாவது தடவையாக ஒலிம்பிக் வெள்ளியோடு திரும்ப, நாடே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. ஜொகூரின் யு.டி.எம். பல்கலைக்கழக மாணவர்கள் பாங்காக்கில் சத்தமில்லாமல் கோப்பையைத் தூக்கினார்கள். மலேசியாவுக்கு அதுவே முதல் ரோபோகான் பட்டம். பாகான் செராய்க்காரனுக்காக அழுத நேரத்தில் கொஞ்சத்தை அவர்களுக்குக் கை தட்ட ஒதுக்கியிருக்கலாம்.

அந்த வருட விதியைப் படித்தபோதுதான் இந்த வெற்றி ஏன் நம்மிடம் வந்தது என்று எனக்குப் புரிந்தது. இரண்டு ரோபோக்கள். ‘ஈக்கோ’ என்ற சின்ன ரோபோவுக்குச் சொந்தமாக ஓடும் சக்தி கிடையாது. திசை திருப்பிக்கொள்ள மட்டுமே உரிமை. ‘ஹைப்ரிட்’ என்ற பெரிய ரோபோ பின்னாலேயே வந்து அதை மேடும் வளைவும் கடந்து ஓட்டிப் போக வேண்டும். ஆனால் தொடக் கூடாது! காற்றை ஊதியோ, காந்தத்தாலோ, அந்த மாதிரி எட்ட நின்றுதான் தள்ள வேண்டும். சின்னது சுமந்து வந்த காற்றாலை இறக்கையைக் கடைசியில் பெரியது வாங்கிக்கொண்டு, கம்பத்தில் ஏறி மாட்டிவிட்டு ‘சாயோ’ என்று வெற்றி கொண்டாடும். சுமந்தது ஒருவன், கம்பத்தில் நின்று பேர் வாங்கியது இன்னொருவன்.

ஐயா, இது கங்காணி வேலை. கைபடாமல், பின்னாலிருந்து, வெறும் வாய்க்காற்றிலேயே ஒரு நிரை ஆட்களைத் தோட்டம் முழுக்க ஓட்டிய கலை இந்த மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. ஜப்பான்காரன் இதைப் புத்தகத்தில் படித்து வந்தான். நமக்கு ரத்தத்தில் வந்தது. யு.டி.எம். பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் இரவு பகலாக உழைத்துத்தான் ஜெயித்தார்கள், உழைத்தது ஈக்கோ என்ற என் சந்தேகம் மட்டும் தீரவில்லை.

2022-ல் டெல்லி, ஏழுகல் ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. இப்படியே போனால் உலகத்துத் தெரு விளையாட்டெல்லாம் தீர்ந்துவிடும். அப்போது ஒன்றியத்துக்காரர் பாரிட் புந்தாரைத் தேடி வருவார்கள் என்பதால் தலைப்பை நான் தயாராக வைத்திருக்கிறேன்: ‘மூன்று நிமிடம், மூன்று மாநிலம்’. எங்கள் ஊரில் நின்றால் பேரா. பாலம் தாண்டினால் பண்டார் பாரு, அது கெடா. இந்தப் பக்கம் திரும்பினால் நிபோங் திபால், அது பினாங்கு. ரோபோ பேராவில் பசியாறி, கெடாவில் ஒரு பாரத்தில் முத்திரை வாங்கி, பினாங்கில் லெக்சருக்குப் போய்ச் சேர வேண்டும். முதலில் முடித்தவர், கடையில் பார்சல் கேட்பதுபோல் ‘புங்குஸ்!’ என்று கத்தினால் ஆட்டம் முடிந்தது.

ரோபோகானில் விதியைவிட நீளமானது விதி பற்றி அணிகள் கேட்கும் சந்தேகப் பட்டியல். அதற்கும் பதில்களை எழுதிவைத்துவிட்டேன்.

கேள்வி: கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ரோபோ வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தால்? பதில்: ரீட்ரை, ஞாயிற்றுக்கிழமை.

கேள்வி: பாலத்தில் நெரிசல் இருந்தால் ரோபோ ஆற்றில் இறங்கலாமா? பதில்: இறங்கலாம். 1848-ல் முடிந்துபோன எல்லைத் தகராறைக் கிளப்பக் கூடாது.

கேள்வி: நீல அணியின் ரொட்டியைச் சிவப்பு அணியின் ரோபோ எடுத்துவிட்டால்? பதில்: கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரே குற்றவாளி.

கேள்வி: ரோபோ களத்தில் நகரவில்லை. லேபில் ஓடியது. பாதி மதிப்பெண் கிடைக்குமா? பதில்: லேப் எந்த மாநிலத்தில் இருக்கிறது?